‘பிக்கப் டெட் ப்ரோ’

“பிக்கப் டெட் ப்ரோ. மாத்திருங்க.”

சென்னையில் ஒரு கிட்டார் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற இளைஞர் இதைச் சொல்ல எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம். என் கிட்டாரை ஆம்பில் செருகினார், சுவிட்சைக் கடைசிக்குத் தள்ளினார், கம்பியைத் தட்டினார். சத்தம் இல்லை. அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. மல்டிமீட்டர் மேசையிலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. மூன்று பிக்கப்பையும் செட்டாகவே மாற்றிவிட்டால் டோன் வேற லெவல் என்றார். அவர் சொன்ன விலை என் கிட்டாரின் விலையைவிட அதிகம்.

அவர்மேல் கோபமில்லை. விற்கிறவர் விற்கத்தான் பார்ப்பார். கோபமெல்லாம் என்மேல்தான். “அப்படியா ப்ரோ, ஓகே ப்ரோ” என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். பரளச்சிக்காரன் ஒருத்தன் அப்படி நின்றிருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். பரளச்சி திருச்சுழி வட்டாரத்தில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் எரிவது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதுபோல வருஷா வருஷம் நடப்பது. தண்ணீர் கீழே போய் மோட்டார் வெறுமனே ஓடினால் சூடேறி எரியும். மூன்று பேஸில் ஒன்று போனால் மிச்சமிருப்பது தாங்காமல் எரியும். வோல்டேஜ் இறங்கினால் கரன்ட் கூடி எரியும். ஆனால் மோட்டார் எரிந்த வீட்டில் யாரும் “மோட்டார் செத்துப்போச்சு” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “காயில் போயிருச்சு” என்பார்கள். உடனே டிவிஎஸ் 50-யில் வைத்துக் கட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோவார்கள். காயில் கட்டித் திரும்ப வரும். மறுபடி தண்ணீர் இறைக்கும்.

‘செத்துப்போச்சு’ என்கிறவன் பொருளைத் தூரப் போடுகிறான். ‘காயில் போயிருச்சு’ என்கிறவன் பொருளைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் உடம்போடு பதித்த சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். அவைதான் பிக்கப். உள்ளே இருப்பது இரண்டே சமாச்சாரம். காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. ஆடுகிற காந்தப்புலம் காயிலில் மின்சாரத்தை எழுப்புகிறது. அதை ஆம்ப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்ட விதிதான். தாத்தாவின் சைக்கிளில் டைனமோ விளக்கு எரிந்ததும் இந்த விதியில்தான். மந்திரம் எதுவும் கிடையாது.

கலிபோர்னியாவில் ஜார்ஜ் பீச்சம் 1931-ல் முதல் மாதிரியைச் செய்தபோது, காயில் சுற்ற வீட்டுச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றினார் என்கிறார்கள். அப்புறம் தையல் மிஷின் மோட்டாருக்கு மாறினார்களாம். ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பேர்பெற்ற ‘வாணலி’ கிட்டார் அதிலிருந்து வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937-ல். எலக்ட்ரிக் கிட்டாரின் பிறப்பே இப்படி வீட்டுச் சாமானைக் கழற்றிப் பூட்டியதில் இருக்கிறது. அதை இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, “இதெல்லாம் நாம தொடக் கூடாது ப்ரோ” என்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப் ஒன்றில் ஏறக்குறைய 8,000 சுற்று. கம்பியின் தடிமன் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், நம் கடைகளில் கேட்கும் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் கிட்டத்தட்ட 46. அதன் மின்தடை 6 கிலோ ஓம் பக்கம். இந்தத் தடிமனில் ஒரு மீட்டர் செம்புக்கம்பிக்குத் தடை ஐந்தரை ஓம் இருக்கும். வகுத்துப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் நீளப் பெட்டிக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இருக்கிறது. அந்த ஒரு கிலோமீட்டரில் எங்கோ ஒரு புள்ளியில் அறுந்தால் பிக்கப் ஊமை. அந்தப் புள்ளி எங்கே என்று கேட்காமல் ‘டெட்’ என்றால் எப்படி?

அது எப்படியெல்லாம் போகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். கிட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும். வைத்திருக்காதவர்களுக்கு ஒரு பொருளைத் திறந்து பார்க்கும் முறை தெரியட்டும்.

முதல் விஷயம், பிக்கப் போய்விட்டது என்று என்னிடம் வந்த கிட்டார்களில் பெரும்பாலும் பிக்கப் போயிருக்கவில்லை. கேபிள் அறுந்திருக்கும். ஜாக்கின் நாக்கு தளர்ந்திருக்கும். வால்யூம் பாட்டில் தூசி ஏறியிருக்கும். சுவிட்சின் காண்டாக்டில் களிம்பு பிடித்திருக்கும். ‘ஆக்டிவ்’ பிக்கப் என்றால் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். ஆகவே முதல் வேலை, வால்யூமை முழுக்க வைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பிக்கப்பின் தலையிலும் லேசாகத் தட்டுவது. ஆம்பில் ‘டொக்’ என்று கேட்டால் அது உயிரோடுதான் இருக்கிறது.

கேட்காவிட்டால் கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். சிங்கிள் காயில் என்றால் 5-லிருந்து 8 கிலோ ஓம் வரை காட்டினால் நல்லது. இரண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கர் என்றால் 7-க்கு மேல். ஒரு குறிப்பு: செம்பு சூடேறினால் அதன் தடையும் ஏறும். 20 டிகிரியில் 6 காட்டும் காயில், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக்கு 6.4-க்கு மேல் காட்டும். அதைப் பார்த்து “ஓவர்வைண்டு, ஹாட் பிக்கப்” என்று விற்கிறவர்களும் உண்டு. வெயிலுக்குக் காசு வாங்கும் வியாபாரம்.

மீட்டர் இடது ஓரத்தில் வெறும் 1 காட்டினாலோ, ஓ.எல். என்று காட்டினாலோ, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது காயிலின் நட்டநடுவில் அறுவதில்லை. தலைமுடி போன்ற கம்பியைத் தடித்த வயரோடு பத்தவைத்திருக்கும் அந்த இரண்டு முனைகளில்தான் அறும். வயரைப் பிடித்து இழுத்ததால், சூடான சால்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வைத்து பாபினின் பிளாஸ்டிக்கை உருக்கியதால், அல்லது வியர்வையால். நம் இன்னிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கிறவர் இரவு பத்து மணிக்கு மேடை ஏறினால் இறங்குவது மூன்று மணிக்கு. ஃபோகஸ் விளக்குக்கு அடியில் ஐந்து மணி நேரம். உப்பு வியர்வை கையிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து பிக்கப்புக்கும் இறங்கும். சில பழைய பிக்கப்களில் காந்தக் குச்சிகளின் மேலேயே கம்பியைச் சுற்றியிருப்பார்கள். குச்சி துருப்பிடித்தால் அதையொட்டிய முதல் சுற்றின் எனாமல் உரிந்து கம்பி அறும்.

மீட்டர் இருக்கவேண்டியதைவிடக் குறைத்துக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கின்றன. சத்தம் வரும், ஆனால் சோகை பிடித்துப்போய் வரும். ஹம்பக்கரில் பாதியளவு காட்டினால் ஒரு காயில் மட்டும் போயிருக்கிறது.

மீட்டர் சரியாகக் காட்டியும் சத்தத்தைக் கூட்டினால் பிக்கப் ‘கீய்ய்’ என்று கத்துகிறதா? காயில் தளர்ந்து, சுற்றுகளே அதிர்கின்றன. மெழுகு கொடுத்தால் நிற்கும். சத்தம் மட்டும் பலவீனமா? காந்தம் வலு இழந்திருக்கலாம். அல்நிகோ காந்தம் சும்மா இருந்தே தேய்வதில்லை. கடும் சூடும், வலுவான எதிர்க்காந்தமும்தான் அதைக் கெடுக்கும். திரும்பக் காந்தமேற்ற முடியும்.

இன்னொன்று, ‘ம்ம்ம்’ என்கிற இரைச்சல். அது பழுதே இல்லை. சிங்கிள் காயில் நம் கரன்டின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்து முனகுகிறது. கோயில் கொடையில் ஜெனரேட்டர், டியூப்லைட் சோக், சீரியல் பல்பு எல்லாவற்றையும் அது கேட்கும். இதைத் தீர்க்கத்தான் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். கம்பியைத் தொட்டால் முனகல் குறைகிறதா, எர்த் நன்றாக இருக்கிறது. தொட்டால் கூடுகிறதா, எர்த் வயரைத் தேடுங்கள். இதற்கும் ‘டெட்’ என்று சொல்லி பிக்கப்பை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். கடையில் தலையாட்டியதற்குக் காசு இல்லாததால்தான் தப்பித்தேன். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் கழற்றி ஒரு தீப்பெட்டியில் வைத்து, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மோட்டாருக்கு வழக்கமாகக் காயில் கட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

“என்ன தம்பி, பூச்சியா பிடிச்சிட்டு வந்திருக்க?”

“கிட்டார்ல உள்ளதுண்ணே. பிக்கப்பு. காயில்தான்.”

‘காயில்’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. கண்ணாடியை மாட்டினார். மீட்டரை வைத்தார். “ஓப்பன்” என்றார். ஓரத்து டேப்பைச் சின்னக் கத்தியால் உரித்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஆசிட் வச்சுப் பத்தவச்சது யாரு?”

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வயர் விட்டுப்போனபோது, தகரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருந்த ஆசிட்டைத் தொட்டு நானே பத்தவைத்திருந்தேன். ஈயம் நன்றாக ஒட்டியது. பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஆசிட் மூன்று வருஷமாக உட்கார்ந்து கம்பியைத் தின்றிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸுக்கு ரோசின் ஃப்ளக்ஸ்தான், ஆசிட் கூடவே கூடாது என்பது அடிப்படைப் பாடம். கடைக்காரர் என் பிக்கப்பைச் செத்துப்போச்சு என்றார். கொன்றவன் எதிரே நின்று தலையாட்டியிருக்கிறேன்.

“நான்தாண்ணே.”

“ம். மேலாப்புல இருந்தா நாலு சுத்து அவுத்து, அறுந்த எடத்தைப் பிடிச்சுப் பத்தவச்சிரலாம். இது உள்ளுக்க எறங்கிருச்சு. முழுசா வெட்டியெடுத்துட்டுத் திரும்பச் சுத்தணும்.” கம்பியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். காட்டும்போதே அறுந்தது. சிரித்துவிட்டார். “என் கைக்கு ஆகாது தம்பி. நான் இருபது இருபத்திரெண்டு கேஜ் இழுத்த கை. ஃபேன் காயிலு முப்பத்தாறு கேஜே நான் தொடுறதில்ல. நூல் சுத்துற கை வேணும் இதுக்கு.”

இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அது புரிய அன்று சாயங்காலம் ஆனது. என் அத்தை அருப்புக்கோட்டையில் தறிக்குத் தார் சுற்றுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலை. தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலை ராட்டையில் சின்னக் குச்சியில் ஏற்றுவதுதான் தார் சுற்றுவது. இழுவை அதிகமானால் இழை அறும், குறைந்தால் சுற்று தொளதொளக்கும், தறியில் சிக்கும். அந்த இழுவையை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் கருவி.

மதுரையில் பழைய ரேடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஒருவரிடம் 46 கேஜ் கம்பி வாங்கினேன். மோட்டார் அண்ணன் ஃபேன் காயில் சுற்றும் கைமிஷினை, நம்பர் ஓடும் கவுண்டரோடு, இரண்டு நாளைக்குக் கொடுத்தார். பழைய கம்பியை பிளேடால் வெட்டி எடுத்தேன். எடுக்கும் முன் ஒரு திசைகாட்டியை வைத்துக் காந்தத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பாபினைக் கழுவி, காயவைத்து, ஆசிட் மிச்சமில்லாமல் துடைத்தேன். கைப்பிடியைச் சுற்றியது நான். கம்பியை விரலில் பிடித்து விட்டது அத்தை.

முதல் தடவை இருநூறு சுற்றில் அறுந்தது. நான் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்ததுதான் காரணம்.

“நூல்னா முடிச்சுப் போட்டுரலாம். இதுல என்னத்தப் போட?”

“முடிச்சு ஆகாதுத்த. பத்தவைக்கணும். நடுவுல பத்தவச்சா அந்த எடம் புடைச்சுக்கிட்டு நிக்கும்.”

“அப்ப அவுத்துரு. மொதல்ல இருந்து வா. வெரட்டாம சுத்து.”

இரண்டாம் தடவை மூவாயிரத்துச் சொச்சத்தில் போனது. மூன்றாம் தடவை கவுண்டர் எட்டாயிரத்தைத் தொட்டது. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் அத்தை கண்ணை எடுக்கவில்லை. கம்பியை ஒரே அடுக்காக அடுக்கவும் இல்லை. தாரில் செய்வதுபோல விரலை இடம் வலமாக அசைத்துப் பரப்பிக்கொண்டே வந்தார். “ஒரே எடத்துல குமிஞ்சா சரியும்ல” என்றார். வெளிநாட்டில் இதற்கு ‘ஸ்கேட்டர் வைண்டிங்’ என்று பெயர். சுற்றுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் அவற்றுக்கிடையே கெப்பாசிட்டன்ஸ் குறையும், மேல்ஸ்தாயி தெளிவாக வரும் என்று சொல்லி அதற்கென்றே கூடுதல் விலை வைக்கிறார்கள். என் அத்தைக்குத் தார் சரியக் கூடாது. அவ்வளவுதான்.

முனைகளின் எனாமலை நைஸ் உப்புத்தாளால் ஒற்றி எடுத்து, ரோசின் வைத்து, இரண்டு நொடிக்கு மேல் அயர்னைக் காட்டாமல் பத்தவைத்தேன். மீட்டர் 6.3 காட்டியது. வெயில்காலம் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு மெழுகு. சாதாரண மெழுகுவத்தி நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சூடு 65 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்து, காயிலை முக்கிக் காற்றுக்குமிழ் வருவது நிற்கும்வரை விட வேண்டும். அதற்கு மேல் சூடேற்றினால் பாபின் நெளியும்.

கிட்டாரில் மாட்டினேன். தனியாக வாசித்தால் நன்றாக இருந்தது. நடுப் பிக்கப்போடு சேர்த்தால் மூக்கடைத்த குரல். சுற்றிய திசை மாறிப்போய், இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பத்தவைத்ததும் சரியானது. பொங்கலன்று ராத்திரி அதில்தான் வாசித்தேன். முன்பைவிடப் பிரமாதமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கிட்டார் மாதிரி இருந்தது. போதும்.

இனிமேல்தான் சண்டை.

ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்து, காயில் சுற்றுவதையே தொழிலாகக் கொண்டு, 2013-ல் ஓய்வுபெற்றவர் அபிகெய்ல் இபாரா. அவர் சுற்றிய பிக்கப்பின் அடியில் அவருடைய முதலெழுத்துகள் இருந்தால் இன்றைக்கு அதன் விலையே வேறு. அந்தக் காலத்துக் கிட்டார் நாயகர்களின் விரலைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை ஆவணப்படம். அவர்கள் விரலுக்குக் கீழே இருந்த எட்டாயிரம் சுற்று இன்னொருவருடைய விரல். அதைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல அவர்களுக்கே பல பத்தாண்டுகள் ஆயின. நமக்கு அந்த யோசனைகூட இன்னும் வரவில்லை.

மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்ததைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம். மேற்கத்திய வாத்தியத்தில் கமகம் வருமா, வராதா என்று எவ்வளவு வாதம். அந்தக் கமகத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்குக் கொடுத்த காயிலைப் பற்றி நம் மொழியில் ஒரு பத்தி நான் படித்ததில்லை. இளையராஜா பாட்டின் கிட்டார் இழை பற்றி நம் இலக்கியப் பக்கங்களில் உருகி உருகி எழுதுகிறோம். ‘ஆன்மாவின் நடுக்கம்’ என்று நானே எழுதியிருக்கிறேன். நடுங்கியது எஃகுக் கம்பி. அதைக் கேட்டது செம்புக் கம்பி. இதைச் சொன்னால் இசையின் மகத்துவம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இசைமேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

‘டோன்’ என்கிற பக்தியும் ‘டெட்’ என்கிற தீர்ப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பக்தனும் திறந்து பார்ப்பதில்லை, தீர்ப்புச் சொல்கிறவனும் திறந்து பார்ப்பதில்லை. இருவருமே கடைசியில் ஒரே கவுண்டரில் போய்க் காசு கட்டுகிறார்கள். இதில் நட்டம் காசு மட்டுமென்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஒரு பொருள் எந்தக் கையால் ஆனது என்று தெரியாமல்போனால், அந்தக் கை பக்கத்து வீட்டில் இருந்தாலும் நமக்குத் தெரியாது. நான் அத்தை வீட்டில் நூறு தடவை சாப்பிட்டிருக்கிறேன். ராட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டிருக்கிறேன். ‘தார் சுத்துறது’ என்றால் படிக்காதவர்கள் செய்யும் சில்லறை வேலை என்பதுதான் என் எண்ணம். கிட்டார் என்றால் கலை. இரண்டுக்கும் இழுவைக் கணக்கு ஒன்று என்பதை ஒரு மோட்டார்க்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். “ஐநூறு ரூபாய்க்கு சைனா பிக்கப் கிடைக்குது, மூணு நாளு மெனக்கெடணுமா?” வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் மீட்டரை வையுங்கள். இல்லாவிட்டால் ஜாக்கில் உள்ள பழுதுக்குப் பிக்கப்பை மாற்றிவிட்டு, புதுசும் ‘டெட்’ என்பீர்கள். “எல்லாவற்றையும் சரிசெய்ய முடியுமா?” முடியாது. எபாக்ஸி ஊற்றி மூடிய ஆக்டிவ் பிக்கப்பைத் திறந்தால் உடையும். திறக்க முடியாதபடி செய்வதும் ஒரு வியாபார முடிவுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். இசைக்கருவி அதில் இல்லை. இருந்திருந்தாலும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். பழுதுபார்க்கும் கை வேண்டாமா?

அந்தக் கைக்குக் கூலி வேண்டாமா? இதுதான் எனக்கு வந்த கடினமான கேள்வி. கேட்டவர் அத்தை. வேலை முடிந்ததும், “இதுமாரி சுத்துனா எம்புட்டுக் குடுப்பாக?” என்றார். நான் வெளிநாட்டில் கையால் சுற்றிய பிக்கப் விற்கும் விலையை ரூபாயில் சொன்னேன். நம்பவில்லை. போனில் காட்டினேன். தாருக்கு அவருக்குக் கிடைக்கும் கூலியை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களுக்கு இரக்கம் வரும். இரக்கத்தை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. வேலை வந்தால் செய்ய முடியும்.

அதன்பிறகு எங்கள் பக்கத்து இன்னிசைக் குழு ஒன்றிலிருந்தும், ஒரு சர்ச்சின் பாடகர் குழுவிலிருந்தும் இரண்டு பிக்கப் வந்தன. ஒன்றில் வெளிமுனை மட்டும் அறுந்திருந்தது, மூன்று சுற்று அவிழ்த்துப் பத்தவைத்ததோடு சரி. இன்னொன்றை அத்தை முழுசாகச் சுற்றினார். கூலி பேசி வாங்கினார், மருமகன் தயவில் குறைக்கவில்லை. இது தொழிலாகுமா என்று கேட்டால், இரண்டு பிக்கப்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உங்களிடம் ஊமையாய்க் கிடக்கும் கிட்டார்கள் அலமாரியிலிருந்து இறங்கினால் சொல்லலாம். உங்கள் ஊரிலும் ஃபேன் காயில் சுற்றுகிறவர் ஒருவர் இருப்பார். நெசவு இருக்கும் ஊர் என்றால் நூல் சுற்றும் கைகள் நிறையவே இருக்கும். தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ‘டெட்’ என்று சொல்லாமல், “காயில் போயிருச்சு, பாக்குறீங்களா” என்று கேளுங்கள்.

இரண்டாவது பிக்கப்பை மூடும் முன் அத்தையிடம் பேனாவைக் கொடுத்து, அடியில் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொன்னேன். அபிகெய்ல் இபாராவின் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“அந்தம்மாவுக்குப் பென்சன் குடுத்தாகளா?” என்றார்.

பிறகு பேனாவை வாங்கி, பெயருக்குப் பதில் சுற்று எண்ணிக்கையை எழுதினார். 8,040. தார்க் கணக்கு நோட்டில் எழுதுவதுபோல, கீழே ஒரு கோடும் போட்டார்.